கேன் பம்பின் குழாய்க்குள் இளஞ்சிவப்பு வழுவழுப்பு: எதைக் கொண்டு, எப்படிக் கழுவுவது?

தாம்பரம் தாத்தா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்கு அருகே நானும் என் மனைவியும் மட்டும் வசிக்கிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் வெறும் காற்றை இழுக்கத் தொடங்கியபோது, குடிப்பதற்கென்று 20 லிட்டர் கேன் வாங்க ஆரம்பித்தோம். அதன் பிறகு நல்ல மழை பெய்தும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. முதலில் கேனைத் தூக்கிக் குழாய் வைத்த மண் டிஸ்பென்சரின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, கேனின் வாயில் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டுகிற யுஎஸ்பி சார்ஜ் பம்பு ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். அது வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது.

சென்ற வாரம் கேன் மாற்றும்போது, தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நீளமான குழாயின் நுனியைத் தற்செயலாக விரலால் தடவினேன். விரல் வழுக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உட்புறம் முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருந்தது. கெட்ட வாடை ஏதும் இல்லை. தண்ணீரின் சுவையிலும் மாற்றம் தெரியவில்லை. இந்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த பராமரிப்பெல்லாம், நினைவு வந்தபோது அந்தக் குழாயைச் சமையலறைக் குழாய்த் தண்ணீரில் அலசியது மட்டுமே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டார் வினிகர் ஊற்றச் சொல்கிறார், என் மனைவி கொதிநீரில் போடச் சொல்கிறாள், இணையத்தில் ஒருவர் சமையல் சோடாவே போதும் என்கிறார். இவற்றில் எது சரி? போதாக்குறைக்கு, முன்பு ஒரு லிட்டர் பாட்டில் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். இப்போது இரண்டு நிமிடம் ஆகிறது. மோட்டார் மட்டும் முன்னைவிட உரக்க இரைகிறது. அடுத்த மாதம் மகள் பத்து மாதக் குழந்தையோடு வருகிறாள் என்பதால்தான் கவலை. கழுவிப் பயன்படுத்தலாமா, அல்லது தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

ஆய்வகவாசி

ஐயா, வணக்கம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விரலில் பட்டது அழுக்கோ கறையோ அன்று. அது உயிருள்ள பொருள். ஓயாமல் ஈரமாக இருக்கும் எந்தப் பரப்பிலும் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அந்தப் பசைக்குள்ளேயே பெருகும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். இளஞ்சிவப்பு நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கும். குளியலறைத் தரையின் மூலையிலும் பக்கெட்டின் அடியிலும் இதே நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். திடமாக இருப்பவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கைக்குழந்தைக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அதைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. அது விரித்து வைத்த பசையில் வேறு கிருமிகளும் வந்து குடியேறலாம் என்பது இன்னொரு தொல்லை.

சீல் வைத்து வருகிற தண்ணீரில் இது எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேன் நிறுவனத்தார் தண்ணீரை ஆர்ஓ சவ்வு வழியாகச் செலுத்தி, புறஊதாக் கதிரோ ஓசோனோ கொடுத்து நிரப்புகிறார்கள். புறஊதாக் கதிர் தண்ணீரில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஓசோனும் விரைவில் சிதைந்து ஆக்சிஜனாகிவிடும். குடிநீர் வாரியத்தின் குழாய்நீரில் வழிநெடுகக் காவலுக்கு வருகிற குளோரின் எச்சம் கேன் தண்ணீரில் கிடையாது. ஆகவே நீங்கள் சீலைக் கிழித்த நொடியிலிருந்து, கையிலிருந்தும் காற்றிலிருந்தும் கேனின் கழுத்திலிருந்தும் உள்ளே போகிற எதையும் அந்தத் தண்ணீரால் எதிர்க்க முடியாது. போதாததற்கு, அலசுகிறேன் என்று நீங்கள் சமையலறைக் குழாயடியில் காட்டியது மேல்நிலைத் தொட்டியின் தண்ணீராக இருந்தால், அந்தத் தொட்டியில் இருப்பதையும் சேர்த்தே குழாய்க்குள் ஏற்றியிருக்கிறீர்கள்.

இப்போது வினிகர் பற்றி. வினிகரும், நம் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிற சிட்ரிக் அமிலமும், வெள்ளையாகப் படியும் சுண்ணத்தைக் கரைப்பதற்கு உரியவை. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரைக் கேனில் பிடித்து வைத்துப் பம்பு போடுகிற வீடுகளில் அந்த வெள்ளைப் படிவு கட்டாயம் வரும். ஆர்ஓ செய்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் உங்கள் பம்பில் அதற்கு இடமே இல்லை. வழுவழுப்புப் படலத்தின் மேல் வினிகரை ஊற்றினால் பசையின் மேற்பரப்பு நனையும்; உள்ளே இருப்பவை சுகமாக இருக்கும். சமையல் சோடா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். குளோரினே ஆனாலும் பசைக்குள் எளிதில் ஊடுருவாது. எனவே எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும் முதலில் தேய்த்தாக வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் இரண்டே வாரத்தில் வழுவழுப்பு திரும்பி வருகிறது.

தேய்ப்பதற்கு, மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு முனைகளிலும் மயிர் வைத்த நீளமான கம்பித் தூரிகை கிடைக்கும். குழாயைப் பம்பின் தலைப்பகுதியிலிருந்து உருவி எடுங்கள். தண்ணீர் கொட்டும் எவர்சில்வர் மூக்கையும் பெரும்பாலான பம்புகளில் திருகியோ இழுத்தோ கழற்றிவிடலாம். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளியை வெதுவெதுப்பான நீரில் கலந்து, இரண்டையும் உள்ளும் புறமும் தேயுங்கள். மூக்கின் வளைவில் பெரிய தூரிகை நுழையாது. குழந்தைகளின் உறிஞ்சுகுழல் கழுவுகிற சின்னத் தூரிகை அதற்குச் சரியாக இருக்கும். நுனியில் செருகியிருக்கும் வடிகட்டிப் பூண் ஏதேனும் இருந்தால் அதையும் தனியே எடுத்துவிடுங்கள், படலம் அதிகம் ஒளிந்திருப்பது அந்தப் பூணின் அடியில்தான்.

தலைப்பகுதிக்குள் தூரிகை போகாது. அதைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, ஏனென்றால் மோட்டாரும் பேட்டரியும் அங்கேதான் இருக்கின்றன. அந்த இடத்துக்குக் குளோரின் கரைசலை மோட்டாரே இழுத்துக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும். வாசனையும் நிறமும் சேர்க்காத, லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று எழுதியிருக்கும் ப்ளீச்சாகப் பார்த்து வாங்குங்கள். தரை துடைக்கிற மணமூட்டிய திரவங்கள் இதற்கு ஆகவே ஆகா. ஒரு லிட்டர் குடிநீருக்கு 2 மில்லி லிட்டர் ப்ளீச் கலந்தால், லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசல் கிடைக்கும். கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கினால் அளவு தவறாது. தேய்த்து அலசிய குழாயையும் மூக்கையும் மீண்டும் மாட்டி, இரண்டு லிட்டர் கரைசல் உள்ள எவர்சில்வர் அல்லாத பாத்திரத்தில் குழாயை இறக்கி, மூக்கிலிருந்து கரைசல் வெளிவரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து மிச்சக் கரைசலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் இறைத்துவிட்டு, நல்ல குடிநீரில், மறுபடியும் சொல்கிறேன், குடிக்கிற நீரிலேயே, குறைந்தது மூன்று நான்கு லிட்டர் ஓடவிட்டுக் குளோரின் வாடை போகும்வரை அலசுங்கள். நீண்ட நேரம் ஊறினால் நல்லதுதானே என்று இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். குளோரினில் கிடந்தால் எவர்சில்வரிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும்.

கடைசியாக உலர்த்துவது. உயிர்ப்படலத்துக்கு ஈரம்தான் உயிர். கழற்றிய குழாயை மடக்கி டப்பாவில் போடாமல், இரண்டு முனைகளும் கீழே தொங்குமாறு தூசு படாத இடத்தில் ஒரு கொக்கியில் மாட்டி, ஒரு முழு இரவு காயவிடுங்கள். அந்த ஒரு நாளைக்குச் சொம்பில் மொண்டு குடிக்காமல், கேனைச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால், என் வீட்டில் ஒவ்வொரு கேன் மாற்றத்தின்போதும் குழாயின் வெளிப்புறத்தைக் கொதித்து ஆறிய நீரில் அலசுவேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூரிகை போடுவேன், மாதம் ஒருமுறை குளோரின் கொடுப்பேன், ஆறு மாதத்தில் குழாயை மாற்றிவிடுவேன். குழந்தையைப் பொறுத்தவரை, பம்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே கொடுங்கள்.

இரண்டாம் மாடி

மேலே ஆய்வகவாசி எழுதியதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவள் நான். போன ஆண்டு எங்கள் பம்பைக் கழுவும்போது, வினிகரும் நல்லது, ப்ளீச்சும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதாக இருக்கும் என்று நினைத்து, வினிகர் ஊறிக்கொண்டிருந்த அதே பாத்திரத்தில் ப்ளீச்சை ஊற்றிவிட்டேன். சில நொடிகளில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் நிற்காமல் வந்தது. நல்ல வேளையாகப் பால்கனிக் கதவு திறந்திருந்ததால் வெளியே ஓடிவிட்டேன். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும் என்று பிறகுதான் என் மகன் தன் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைக் காட்டி விளக்கினான். எலுமிச்சை உப்பு போடுகிற நாளும் ப்ளீச் போடுகிற நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

ஒரு சந்தேகமும் உண்டு. தாத்தாவின் மனைவி சொன்ன கொதிநீர் முறையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? ப்ளீச்சைத் தொடவே எனக்கு இப்போது பயமாக இருப்பதால் கேட்கிறேன்.

சாலிடர்காரர்

கொதிநீர் பற்றி நான் சொல்கிறேன், சகோதரி. குழாய் உண்மையான சிலிக்கானாக இருந்தால் ஐந்து நிமிடம் கொதிக்கும் நீரில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ப்ளீச் வேண்டாதவர்களுக்கு, தேய்த்தபின் அதுவே போதுமானது. ஆனால் மலிவான பம்புகளோடு சில நேரம் பிவிசி குழாயைக் கொடுத்துவிடுகிறார்கள். அது கொதிநீரில் தளர்ந்து, வாடை பிடித்து, பிறகு பம்பின் முனையில் இறுக்கமாக உட்காராது. சிலிக்கான் பால்போல மங்கலாக, மிருதுவாக, மடித்துவிட்டால் உடனே நிமிர்வதாக இருக்கும். பிவிசி கண்ணாடிபோல் பளபளக்கும், நாளாக ஆக விறைக்கும். இதிலும் சந்தேகம் தீராதவர்கள் நுனியில் நகக்கண் அளவு வெட்டி, மொட்டை மாடியில் வைத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். சிலிக்கான் வெள்ளைச் சாம்பலாகும். பிவிசி கரும்புகை விட்டு மூக்கைத் துளைக்கும். எதுவானாலும் பம்பின் தலைப்பகுதியைக் கொதிநீருக்கு அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது தாத்தாவின் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். பழுது பார்க்கச் சொல்லி மாதத்துக்கு நாலைந்து பம்புகளாவது என் கடைக்கு வருகின்றன. வேகம் குறைந்தது, இரைச்சல் கூடியது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால், மோட்டார் உழைக்கிறது, தண்ணீர் வரவில்லை என்று பொருள். பேட்டரி தளர்ந்திருந்தால் இரைச்சலும் சேர்ந்தே குறையும். ஆகவே நான் முதலில் பார்ப்பது குழாய் மாட்டும் இடத்தைத்தான். அடிக்கடி உருவி மாட்டியதில் குழாயின் வாய் விரிந்துபோயிருந்தால், மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். மூக்கில் தண்ணீர் விட்டுவிட்டு, குமிழியோடு துப்பும். விரிந்த பகுதியைக் கத்தரிக்கோலால் ஒரு விரற்கடை நறுக்கிவிட்டு மீண்டும் மாட்டினால் சரியாகிவிடும். குழாயின் கீழ்நுனி கேனின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டாலும் இழுவை நிற்கும். நுனியைச் சாய்வாக வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கேனிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே வந்தால் ஒரு லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். பம்பின் மூடிப்பகுதியில் அதற்கென்று சிறு இடைவெளியோ துளையோ இருக்கும். அது அடைபட்டால் கேனுக்குள் வெற்றிடம் உண்டாகி, மோட்டார் திணறும். தாத்தா, தண்ணீர் பிடிக்கும்போது உங்கள் கேனின் பக்கச்சுவர் உள்ளே குழிந்து, நிறுத்தியதும் ‘டொக்’ என்று சத்தம் கேட்கிறதா? அதை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, உடல் உப்பியது போலத் தெரிந்தாலோ, சார்ஜ் செய்யும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ அதற்குமேல் யோசிக்காமல் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். சார்ஜ் செருகுமிடத்தின் ரப்பர் மூடி தொலைந்த பம்புகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. ஈரக்கையால் செருகுவதும், கேனில் மாட்டியபடியே சார்ஜ் போடுவதும் அதற்குக் காரணம். கேன் காலியான பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் சுழல்வது உள்ளிருக்கும் பாகங்களைத் தேய்த்துவிடும்.

கேன் வண்டி

நான் மேடவாக்கம் பக்கம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேன் போடுகிறவன். பம்பைப் பற்றிப் பெரியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எங்கள் தொழிலின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டியது என் கடமை.

கேன் நிரப்பும் இடத்திலிருந்து உங்கள் வாசலுக்கு வருவதற்குள் குறைந்தது மூன்று பேராவது அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறோம். கழுத்தைப் பிடிக்காமல் 20 கிலோவுக்கு மேல் கனக்கும் கேனை மாடியேற்ற முடியாது. வண்டியில் அடுக்கி வரும்போது மேல்வரிசைக் கேனின் அடிப்பாகம் கீழ்வரிசைக் கேனின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். அந்த அடிப்பாகமோ யார் வீட்டுத் தரையிலோ, எந்தக் கடையின் நடைபாதையிலோ உட்கார்ந்திருந்தது. நீங்கள் சீலைக் கிழித்து, அப்படியே பம்பின் குழாயை இறக்கினால், குழாய் அந்தக் கழுத்தை உரசிக்கொண்டுதான் உள்ளே போகிறது. என் வாடிக்கையாளர்களில் மூடியையும் கழுத்தையும் துடைத்துவிட்டுத் திறப்பவர்கள் மிகச் சிலரே. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் சீலோடு சேர்த்து ஒருமுறை துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு, பிறகு சீலைக் கிழியுங்கள். பழைய கேனிலிருந்து எடுத்த பம்பைப் புதிய கேனைத் திறக்கும்வரை சமையல் மேடைமேலோ, பாத்திரம் கழுவும் தொட்டியிலோ கிடத்துவதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதற்கும் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொண்டால் போதும்.

கேனை வெயில் படும் பால்கனியில் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பச்சைப்பாசி வரும். வந்த பிறகு எங்களைத் திட்டுவீர்கள். திறந்த கேனை மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒற்றை ஆளாக இருப்பவர்கள் ஒரே கேனை இரண்டு வாரம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நானே பத்து லிட்டர் கேனைத்தான் பரிந்துரைக்கிறேன், எனக்கு அதில் லாபம் குறைவு என்றாலும்.

மண்பானை விரும்பி

இவ்வளவு தொல்லைக்கு, ஐந்தாறு முறை அமுக்கினால் தண்ணீர் தருகிற பழைய கைப்பம்பே மேல் இல்லையா? மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, முழுவதையும் கழற்றி வெந்நீரில் போடலாம்.

ஆய்வகவாசி

கழற்றிக் கழுவ எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைப்பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. நீங்கள் அமுக்கும்போது சமையலறைக் காற்றைக் கேனுக்குள் திணித்து, அந்த அழுத்தத்தால் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. அமுக்குகிற துருத்திக்குள் தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மடிப்புகளைத் துடைக்காமல் குழாயை மட்டும் கழுவுபவர்கள் அதிகம். எதை வாங்கினாலும் தூரிகையும் வாங்கத்தான் வேண்டும். மண் டிஸ்பென்சரை வைத்திருப்பவர்களும் அதன் குழாயை ஒருமுறை கழற்றி, உள்வாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம்.

சகோதரி இரண்டாம் மாடிக்கு: நீங்கள் ப்ளீச்சைத் தொட வேண்டியதில்லை. குடிநீருக்கென்றே விற்கும் குளோரின் மாத்திரைகள் மருந்துக்கடைகளில் கிடைக்கும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையில் இருப்பது தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்கும் அளவு; பம்பைக் கழுவுவதற்கு அதைவிடப் பல மடங்கு அடர்த்தி தேவைப்படும் என்பதால், கரைத்த நீரைத் தவறியும் யாரும் குடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் தாத்தா

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, செய்து பார்த்துவிட்டே எழுதுவோம் என்று இருந்தேன்.

முதலில் சாலிடர்காரரின் கேள்விக்கு விடை. ‘டொக்’ என்ற சத்தம் கேட்கத்தான் செய்தது. கேன் பழையது போலிருக்கிறது என்று நான் இத்தனை நாள் கேன்காரரைத்தான் மனத்துக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூடியைக் கழற்றப் போனால், பம்புக்கும் கேனின் கழுத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறையை மடித்துச் சுற்றி, அதன்மேல் இரண்டு ரப்பர் வளையம் போட்டிருந்தது. எறும்பு உள்ளே இறங்குகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்பு நானே என் மனைவியைச் செய்யச் சொன்னது அது. அதை உருவிய உடனே பாட்டில் பழையபடி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது. மோட்டாரும் அடங்கிவிட்டது.

கழுவுகிற வேலை அவ்வளவு எளிதாக முடியவில்லை. தூரிகை இரண்டு முறை போய்வந்த பிறகு குழாய் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது, ஆனால் எவர்சில்வர் மூக்கின் வளைவிலிருந்து வந்ததைப் பார்த்து என் மனைவி அன்றைக்குக் காப்பியே குடிக்கவில்லை. கரைசல் கொடுத்து, அலசி, உலர்த்தி, மறுநாள் மூக்கின் வாயில் வெள்ளைப் பஞ்சை வைத்துத் துடைத்தேன்; ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி துடைத்தபோது மிக இலேசாக ஒரு வழுக்கல் தெரிந்தது. தலைப்பகுதிக்குள் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

ஆய்வகவாசி

ஒன்றரை ஆண்டு சேர்ந்தது ஒரே தடவையில் போகாது, ஐயா. கைக்கு எட்டாத இடத்தில் படலம் மிஞ்சியிருந்தால் அங்கிருந்து மீண்டும் பரவும். இன்னும் ஒருமுறை கரைசல் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே வாரத்தில் வழுக்கல் வந்தால், குழந்தை வருகிற வீட்டில் முந்நூறு நானூறு ரூபாய்ப் பம்புக்காகத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது மூக்கும் குழாயும் முழுவதுமாகக் கழற்ற வருகின்றனவா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். பழையதைச் செடிகளுக்குத் தண்ணீர் இறைக்க வைத்துக்கொள்ளலாம்.

தாம்பரம் தாத்தா

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: பிளாஸ்டிக் உறையை எடுத்த மறுநாளே எறும்புப் படை திரும்பி வந்துவிட்டது.

கேன் வண்டி

பழைய பருத்தி வேட்டியில் கையகலம் கிழித்து, கொதிக்கவைத்துக் காயப்போட்டு, பம்பைச் சுற்றிக் கழுத்தின்மேல் தளர்வாகக் கட்டுங்கள், ஐயா. அதன் வழியாகக் காற்றும் போகும். கேன் நிற்கிற இரும்பு ஸ்டாண்டின் நாலு காலையும் நாலு கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பலகாரப் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார் செய்ததுதான். கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும்.